மொட்டைக்கறுப்பன் விரதம் பிடித்த கதை

1

இந்தக் கதையை நான் முதன்முதல் கண்டபோது அது ஒரு உரப்பைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளிநொச்சிக்குக் கிட்ட, முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு மயில்வாகனம் அண்ணையுடையது. தைத்து முடித்த சட்டைகளைக் கொடுக்கப் போனேன். நெல்லு மூட்டை நிறுக்கிற தொங்கு தராசின் கொளுக்கியில் உரப்பை. பையின் வாயால் இரண்டு கறுத்த காது நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்தார்.

“நாலரை.”

“பையையும் சேத்துத்தானே,” என்றா அவர் மனைவி நேசமலர் அக்கா.

“பை என்ன, ரண்டு கிலோவே?”

அக்கா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஒரு முயலின் நிறையை மறைக்க இவ்வளவு பாடுபடுகிற மனிசி ஒருத்தியை நான் அதுவரை கண்டதில்லை. பகலில் சட்டை தைப்பேன், மெசினில் நூல் அறுந்தால் கதை எழுதுவேன். அன்றைக்கு நூல் அறுபடவே இல்லை, நானே அறுத்தேன்.

2

தொடக்கம் எழுதுவது எனக்குச் சீவன் போகிற வேலை. எழுதி எறிந்தவற்றை இங்கே போடுகிறேன், நீங்களும் கொஞ்சம் கஷ்டப்படுங்கள்.

“காலபோக மழையின் முதல் துளி முரசுமோட்டை வயல்வெளியில் விழுந்த அந்த மாலைப்பொழுதில், வானம்

[நிறுத்து. அன்றைக்கு மழையே இல்லை. வியர்த்துக் கொட்டியது. வானத்தைப் பற்றி முயலுக்கும் கவலையில்லை, அக்காவுக்கும் கவலையில்லை.]

“நேசமலருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுடைய உலகம் ஒரு முயல் கூட்டுக்குள்

இதை நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பிழையை இனிச் செய்யமாட்டேன்.

“ஏன் வயசைப் போட்டனீ?”

“கதைக்கு வேணும் அக்கா.”

“கதைக்கு வேணுமெண்டால் உன்ரை வயசைப் போடு. அதென்ன அவள்? ஊருக்கெல்லாம் நான் அக்கா, உன்ரை கதைக்குள்ளை மட்டும் அவளே?”

ஆகவே வாசகரே, இந்தக் கதை முழுக்க அவா. இலக்கியக்காரர் யாருக்கும் குறையிருந்தால் அக்காவோடு நேரில் கதைத்துக்கொள்ளட்டும். வீட்டு வாசலில் பெரிய வேம்பு நிற்கும்.

3

முயலின் முழுப்பெயர் மொட்டைக்கறுப்பன். அது ஒரு பழைய நெல்லினத்தின் பெயர். வாழ்நாள் முழுக்க நெல்லோடு கிடந்த அண்ணைக்கு, கறுத்த முயலைக் கண்டதும் வேறு பெயர் வாயில் வரவில்லையாம். கூப்பிடுவது கறுப்பன் என்று.

கொண்டுவந்தவள் அவர்களின் ஒரே மகள் தேனுகா. வவுனியாவில் நர்ஸ். தங்கியிருக்கும் விடுதியில் முயல் வைக்க விடவில்லை என்று சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, “ரண்டு கிழமைக்குப் பாருங்கோ அம்மா,” என்று விட்டுப் போனாள். அந்த இரண்டு கிழமை இரண்டு வருசத்தைத் தாண்டிவிட்டது.

அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்கிறீர்களா? அக்கா என்ன சாப்பிட்டாவோ அதை. காலையில் தேத்தண்ணியில் தோய்த்த பேக்கரிப் பாண். மத்தியானம் சோறும் பருப்பும். நாலு மணிக்குக் கிறீம் பிஸ்கட். இடையிடையே கதலிப்பழம். ஒழுங்கையால் போகிறவர்களும் சும்மா போவதில்லை. மற்ற வீடுகளில் படலையில் நின்று ஆளைக் கூப்பிடுவார்கள், இந்த வீட்டில் முதலில் முயலுக்கு ஏதாவது நீட்டிவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். கலியாண வீட்டில் மிஞ்சிய லட்டை ஒருவர் மினக்கெட்டுக் கொண்டுவந்து கொடுத்ததை நானே கண்டேன்.

புல்லா? அது மாட்டுச் சாப்பாடு என்பது அக்காவின் எண்ணம். வீட்டுக்குள் வளர்கிற பிள்ளைக்கு யாராவது புல்லுப் போடுவார்களா?

ஒருநாள் தேனுகா வீடியோவில் கதைத்தபோது அக்கா கறுப்பனைத் தூக்கிக் காட்டினா.

“அம்மா, உது முயலோ ஆட்டுக்குட்டியோ?”

பகிடியாகத் தொடங்கிய பிள்ளை, வடிவாய்ப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. கிணற்றடிவரை துள்ளிப் போவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. முதுகைத் திரும்பி நக்கித் துப்புரவாக்க வயிறு விடவில்லை. பின்னங்காலில் உரோமம் தேய்ந்து புண் வைத்திருந்தது.

“பொங்கலுக்கு வருவன். அதுக்குள்ளை உடம்பைக் குறையுங்கோ. இல்லாட்டி நான் கொண்டுபோய் என்னோடை வேலை செய்யிற பிள்ளைக்குக் குடுத்துப்போடுவன். அவள் முயல் வளக்கிறவள். நீங்கள் இப்பிடியே குடுத்தால் அவன் செத்துப்போவான் அம்மா.”

ஆக, விசயம் இதுதான். உடம்பு குறையாவிட்டால் நேசமலர் அக்காவுக்குக் கறுப்பன் இல்லை. ஒன்றில் மகள் கொண்டுபோவாள், இல்லாவிட்டால் யமன் கொண்டுபோவான்.

4

இதில் என்ன பெரிய கதை, சாப்பாட்டைக் குறைத்தால் சரிதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காவைக் கொஞ்சம் விசர் மனிசியாக, சிரிப்புக்கு எழுதலாம் என்றிருந்தேன். மூன்று பக்கம் எழுதியும் விட்டேன்.

பிறகு ஒரு பின்னேரம் குசினி வாசலில் இருந்து அக்கா செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண் துண்டை எடுத்து உறியில் வைத்தா. கறுப்பன் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றான். அக்கா மற்றப் பக்கம் திரும்பி வெங்காயம் உரித்தா. அவன் நின்றபடியே நின்றான். அக்கா எழும்பி, உறியில் இருந்த பாணை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெங்காயம் உரித்த கண்ணைத் துடைத்தா.

“ஏன் அக்கா, ஒரு நாளைக்கு இல்லையெண்டு சொன்னால் என்ன?”

“அந்தச் சொல்லு எனக்கு வாயிலை வராது ரஜிதா.”

சண்டையின் கடைசி மாதங்களில் தேனுகாவுக்கு ஏழு வயது. முல்லைத்தீவுக் கரையில், ஒரு தறப்பாளுக்குக் கீழே, பிள்ளை சாப்பாடு கேட்டது.

“ஒருக்கா ரண்டு தரம் இல்லை. ஒவ்வொரு நாளும் கேட்டவள். ஒவ்வொரு நாளும் இல்லையெண்டு சொன்னன். இனி ஆர் வந்து கேட்டாலும் சொல்லுறேல்லை எண்டு அண்டைக்கே நினைச்சுப்போட்டன்.”

இவ்வளவுதான் சொன்னா. அதற்குமேல் நானும் கேட்கவில்லை, எழுதவும் மாட்டேன். எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் கிழித்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

5

[இந்த இடத்தில் மயில்வாகனம் அண்ணையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. நான் எழுதிய அண்ணை வாயைத் திறந்தால் பகிடிதான். உண்மையான அண்ணை பகிடி விட்டாலும் சிரிக்கமாட்டார். முகம் உரக்கடை முதலாளியின் முகம் மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த வில்லங்கமே வந்தது. சிரித்துச் சொல்லியிருந்தால் அக்கா பகிடியென்று விளங்கியிருப்பா.]

தீபாவளி கழிந்த மற்ற நாள் கந்தசஷ்டி தொடங்கியது. அக்கா ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவா. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணியும் படாது, பின்னேரம் கோயிலால் வந்து ஒரு பேணி பாலும் ஒரு பழமும். முதல்நாள் விடிய அண்ணை, கூட்டடியில் நின்று பல்லுத் தீட்டிக்கொண்டு சொன்னார்:

“உன்னோடை சேத்து இவனையும் விரதம் பிடிக்க விடு. உடம்பும் குறையும், புண்ணியமும் கிடைக்கும்.”

சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அக்கா அந்த இடத்திலேயே நின்றா. பிறகு எனக்குச் சொன்னா, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்ததாம். சாப்பாட்டை இல்லையென்று சொல்ல அவவால் ஏலாது. ஆனால் விரதம் என்பது இல்லையென்று சொல்வது அல்லவே. அதை முருகனுக்காக இருக்கிறோம். கொடுக்காதது நேசமலர் இல்லை, கேட்காதது கறுப்பன்.

இந்த யோசனை இந்த ஊரில் இன்னும் பத்து வீட்டில் எடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். வயிறு ஊதினாலும் விரதம், மனம் சரியில்லாவிட்டாலும் விரதம். உடம்பு பாரமென்றால் பட்டினி கிடந்து பார் என்பதுதான் எங்கள் முதல் மருந்து. அது எங்களுக்குச் சரி.

கூட்டைக் கழுவினா. கிடந்த பாண் துகள், படுக்கப் போட்ட வைக்கோல் எல்லாவற்றையும் எடுத்தா.* கறுத்த நெற்றியில் திருநீறு பூசினா, நல்ல எடுப்பாகத் தெரிந்தது. பின்னேரம் ஆனதும் தனக்கொரு பேணி பால், அவனுக்கொரு சிரட்டை பால். தனக்கொரு பழம், அவனுக்கொரு பழம்.

(* விரதக்காரன் இருக்கிற இடத்தில் மிச்சம் மீதி கிடக்கக்கூடாதாம். அந்த வைக்கோல் ஒன்றுதான் அதுவரை அவன் கூட்டில் கிடந்த உருப்படியான சாப்பாடு. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

6

இரண்டாம் நாள் பின்னேரம் கறுப்பன் பாலுக்கு வரவில்லை. பழத்துக்கும் வரவில்லை.

“பாத்தியே,” என்றார் அண்ணை, அதே முகத்தோடு. “உன்னைவிட அவன்ரை விரதம் பெரிசு.”

அக்கா சிரித்துக்கொண்டு கையை விட்டு அவனைத் தூக்கினா. சிரிப்பு நின்றுவிட்டது. வயிறு கல்லு மாதிரி இருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். கூட்டின் பலகையைப் பார்த்தா. காலையில் கழுவியபடியே கிடந்தது, ஒரு புழுக்கைகூட இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கூப்பிட்டா. அந்தக் குரலை நான் கதையில் எழுதப் பார்த்தேன்,

“அவவின் குரல் ஒரு

[வேண்டாம். “ரஜிதா, இஞ்சை வா” என்றுதான் கூப்பிட்டா. கேட்டதும் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன்.]

மற்ற நாள் விடிய ஓட்டோவில் கிளிநொச்சிக்குப் போனோம். கறுப்பன் பனையோலைக் கடகத்துக்குள், கடகம் அக்காவின் மடியில். அண்ணை முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். வழி முழுக்கத் திரும்பித் திரும்பிக் கடகத்தையே பார்த்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

7

மிருக வைத்தியசாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு ஆடு. முயலைக் கண்டு ஆட்டுக்காரர் கறிக் கணக்குப் பார்த்தார். அக்கா பார்த்த பார்வையில் அவர் எழும்பித் தள்ளிக் கிடந்த வாங்கில் போய் இருந்தார்.

டொக்டர் நிரோஜா சின்னப் பெட்டை, தேனுகாவைவிடக் கொஞ்சம் கூட வயது இருக்கும். கறுப்பனின் வயிற்றைத் தடவினா, குழாயை வைத்துக் கேட்டா, பிறகு அவன் நெற்றியைப் பார்த்தா.

“இதென்ன அம்மா, திருநீறு?”

“சஷ்டி, பிள்ளை. விரதம்.”

“உங்களுக்கு.”

“எனக்கும்தான்.”

டொக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தா. சிரிக்கப் போகிறா என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அக்காவை இருக்கச் சொன்னா.

“அம்மா, மனிசர் விரதம் இருக்கலாம். முயலின்ரை குடல் ஓடிக்கொண்டே இருக்கவேணும். சாப்பாடு போகாட்டில் குடல் நிண்டுபோகும். குடல் நிண்டால் ஒண்டு ரண்டு நாளிலை ஆள் முடிஞ்சுபோகும். இதிலை பாலும் பழமும் வேறை குடுத்திருக்கிறியள்.”

அக்காவின் கை கடகத்தின் விளிம்பிலேயே இருந்தது.

“நான் ஆருக்கும் சாப்பாடு மறுக்கிறேல்லை பிள்ளை. இத்தினை வருசத்திலை இப்பத்தான் முதல்முதல் மறுத்தன். அதுக்கு இப்பிடியே?”

இதைச் சொல்லிவிட்டு அழுதா. அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் சொன்னனான்,” என்றார். அவர் அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஊசி போட்டார்கள். மருந்து தந்தார்கள். புல்லை அரைத்து, ஊசியில்லாத சிறிஞ்சால் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னா டொக்டர். வயிற்றை மெல்லத் தடவச் சொன்னா. பிழைப்பானா என்று கேட்டதற்கு, “புழுக்கை போட்டால் பிழைச்சான்,” என்றா.

வெளிக்கிடும்போது அக்கா வாசலில் நின்று திரும்பினா.

“பிழைச்சானெண்டால், பிறகு எவ்வளவு குடுக்கலாம் பிள்ளை? கொஞ்சமாய்த்தானே?”

“பாண், சோறு, பிஸ்கட் எல்லாம் நிப்பாட்டுங்கோ. பழம் எப்பவாவது ஒரு சின்னத் துண்டு. ஆனால் புல்லு எவ்வளவும் குடுங்கோ அம்மா. ராவும் பகலும் கிடக்கட்டும். இவன்ரை கூட்டிலை ஒரு நேரமும் சாப்பாடு இல்லாமல் இருக்கக்கூடாது.”

“என்ன சொன்னனீங்கள்?”

“சாப்பாடு இல்லாமல் இருக்கக்கூடாது.”

அக்கா படியில் நின்றுகொண்டு அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தா. உடம்பு குறைக்கப் போன இடத்தில் அவவுக்குக் கிடைத்த கட்டளை அதுதான்.

[டொக்டர் இவ்வளவு கோர்வையாகப் பேசவில்லை. இடையில் ஒரு மாடு கத்தியது, போன் அடித்தது. பின்னால் நின்ற ஆட்டுக்காரர் “எவ்வளவு நேரம் பிள்ளையள்” என்றார். அதையெல்லாம் வெட்டிவிட்டேன். கடைசி வரியை மட்டும் தொடவில்லை, அவா சொன்னபடியே கிடக்கிறது.]

8

மூன்று பேர் ஒரு முயலின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பகலைக் கழித்ததை எப்படி எழுதுவது? கௌரவமான வசனம் ஒன்றும் அமையவில்லை, ஆகவே உள்ளபடி சொல்கிறேன்.

அக்கா விரதத்தோடேயே அவனை மடியில் வைத்து ஊட்டினா. நான் அம்மியில் புல் அரைத்தேன், இன்னும் அந்த அம்மியில் சம்பல் அரைத்தால் பச்சை வாடை வருகிறது. அண்ணைக்குப் புல் கொண்டுவருகிற வேலை. வயல் வரம்பில் புல் தாராளம், ஆனால் எல்லாரும் களைக்கு மருந்தடித்திருந்தார்கள். மருந்து படாத புல் தேடி வாய்க்கால் கரையோடு நெடுந்தூரம் நடந்து போய், ஒரு சாக்கு நிறைய அறுத்துக்கொண்டு வந்தார். ஒரு முயலுக்கு ஒரு சாக்கு. பிழை தன்னுடையது என்று அவர் வாயால் திரும்பச் சொல்லவில்லை. சாக்கு மட்டும் ஒவ்வொரு தரமும் நிறைந்து வந்தது.

விரதத்தின் நாலாம் நாள் மத்தியானம் அக்கா குளிக்கப் போயிருந்தா. அண்ணை கூட்டடியில் குந்தியிருந்தார். திடீரென்று எழும்பி, உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே ஏந்திப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

“நேசம்.”

கையில் மூன்று புழுக்கை. சின்னன், காய்ஞ்சது, ஒன்று ஒழுங்காய் உருண்டையாகக்கூட இல்லை.

அக்கா ஈரத் தலையோடு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதா, சிரித்தா, பிறகு “உதை எறிஞ்சுபோட்டுக் கையைக் கழுவுங்கோ, விரத நாளிலை,” என்று பேசினா. அண்ணையின் முகம் அப்போதுதான் முதல்தடவையாக உரக்கடை முகமாக இல்லை.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று, கறுப்பன் தானாகவே புல்லைக் கடித்தான்.

9

இந்த அளவில் ஒரு சஞ்சிகை ஆசிரியருக்குக் கதையைப் போனில் சொன்னேன். நல்ல மனிசர், என்னை எழுத வைத்தவர்களில் ஒருவர்.

“எல்லாம் சரி தங்கச்சி. ஆனால் முயல் செத்தால்தான் கதை நிக்கும். வன்னிக் கதையெண்டால் வாசகர் ஒண்டை எதிர்பாக்கினம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணை, எங்கட ஊரிலை ஒரு முயல் கொழுத்துப்போய் உடம்பு குறைக்கவேண்டியதாய்க் கிடக்கு. எவ்வளவு நல்ல செய்தி. அதை நான் ஏன் சாக்காட்டவேணும்?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனாலும் முடிவு வேண்டும்தானே. கையில் இருப்பவை இவை:

(அ) ஆசிரியர் சொன்ன முடிவு. அக்காவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “அப்பிடி எழுதினியெண்டால் இந்தப் படலையைத் திறக்காதை,” என்றா. முடிந்தது.

(ஆ) மயில்வாகனம் அண்ணையின் முடிவு. பொங்கலன்று தேனுகா வருகிறாள், தராசு முள்ளு சரியாக மூன்று கிலோவில் நிற்கிறது, எல்லாரும் பொங்கல் சாப்பிடுகிறார்கள். ரேடியோ விளம்பரம் மாதிரி இருக்கிறது. போதாததற்கு, நேற்று நிறுத்தபோது முள்ளு நாலுக்குக் கொஞ்சம் கீழேதான். மெல்ல மெல்லத்தான் இறங்கவேண்டுமாம், கெதியாக இறங்கினால் அதுவும் ஆபத்தாம்.

(இ) நான் வேலியால் கண்டது. போன கிழமை, கூட்டடியில் அக்கா, கையில் பாண் துண்டு. கறுப்பன் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கூடு நிறையப் புல் கிடக்கிறது, அது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்காவின் கை மெல்ல நீளுகிறது. நான் செருமினேன். அக்கா பாணைத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டா.

“அவன் இளைக்கிறான், இவ கொழுக்கிறா,” என்கிறார் அண்ணை. அடுத்து அக்காவைத்தான் உரப்பைக்குள் போடப்போகிறாராம்.

ஆனால் நான் செருமாவிட்டால்? அதை எனக்கு எழுதத் தெரியவில்லை. தேனுகா வருவதற்குள் இன்னும் எத்தனையோ தரம் யாரும் வேலியால் பார்க்காத நேரம் வரும்.

10

இவ்வளவையும் நேற்று அக்காவுக்கு வாசித்தேன். மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டா. ஆட்டுக்காரர் வந்த இடத்தில் திரும்பவும் கோபப்பட்டா.

“முடிவெங்கை?”

“நான் எழுதேல்லை அக்கா. பொங்கலுக்குத் தேனுகா வந்து என்ன சொல்லுவாள் எண்டதை வாசிக்கிறவையே முடிக்கட்டும்.”

“ஆர் வாசிக்கிறவை?”

“தெரியாது. எங்கையெங்கையோ இருப்பினம்.”

அக்கா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தா.

“அப்ப அவனை முன்பின் தெரியாத ஆக்களிட்டைக் குடுத்துவிடுறாய்.”

நான் அதை அப்படி யோசித்ததில்லை.

“நல்ல ஆக்களாய்த்தான் இருப்பினம்,” என்றா. “அதுதான் பயம். அவன் நிண்டு பாத்தால் மனம் பொறுக்காமல் ஏதும் குடுத்துப்போடுவினம். பேனையை எடு. நான் சொல்லுறதை அப்பிடியே எழுது.”

எடுத்தேன்.

“வாசிக்கிறவைக்கு வணக்கம். முடிவை உங்களுக்கு விருப்பமான மாதிரி முடியுங்கோ. அவனுக்குக் கலியாணம் கட்டிவைக்கிறதெண்டாலும் கட்டிவையுங்கோ. புல்லு எவ்வளவும் போடுங்கோ, மருந்தடிக்காத புல்லாய்ப் பாத்து. பின்னேரத்திலை கூட்டைத் திறந்து ஓடவிடுங்கோ. பாண் கேப்பான். ரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உங்களையே பாப்பான். அப்ப நீங்கள்…”

நிறுத்தினா. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா வேலிப் பக்கமாக முகத்தைத் திருப்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டா.

“அப்ப நீங்கள் இல்லையெண்டு சொல்லுங்கோ. சொல்லலாம். கூட்டிலை புல்லு கிடக்கேக்கை சொல்லலாம்.”

எழுதிவிட்டேன். இனி அவன் உங்கள் பொறுப்பு.